மலாவியில் தன்னார்வலர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலாவி நாட்டில் என்ட்செயு என்றொரு மாவட்டம். தலைநகர் லிலோங்வேயிலிருந்து பிளான்டயர் போகும் எம்-1 நெடுஞ்சாலையில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்கே மாவட்டத் தண்ணீர் அலுவலகத்தில் தன்னார்வலராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து தெரிந்த தம்பி தங்கைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், கல்லூரி நண்பர்கள் என்று எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் ஒரு நாட்டையும் ஒரு துறையையும் வைத்துச் சொல்பவை. நேபாளத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்.

"வாலண்டியர்னா சம்பளமே கிடையாதா? அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

சம்பளம் கிடையாது, வாழ்க்கைப்படி உண்டு. வாடகை, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, போன் எல்லாம் அதில் நடந்துவிடும். விமான டிக்கெட்டும் மருத்துவக் காப்பீடும் அனுப்புகிற அமைப்பின் பொறுப்பு. சிக்கனமாக இருந்தால் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் ஊரில் வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தால் அதை முடித்துவிட்டுப் போங்கள். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டு வந்தவர்கள்தான் சீக்கிரம் மனமொடிந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

படி எந்த நாணயத்தில் கணக்கிடப்படுகிறது என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலாவியின் குவாச்சாவை 2022 மே மாதம் 25 சதவீதம் மதிப்பிறக்கினார்கள். 2023 நவம்பரில் மறுபடியும், இந்த முறை 44 சதவீதம். படியை டாலரில் கணக்கிட்டு வாங்கியவருக்குப் பெரிய அடி இல்லை. குவாச்சாவில் வாங்கியவருக்குச் சமையல் எண்ணெய் விலையைப் பார்த்தே தலை சுற்றும்.

"எப்படி அப்ளை பண்றது? ஏஜென்ட் நம்பர் இருந்தா குடுங்க"

ஏஜென்ட் என்று யாரும் கிடையாது. யாராவது 'பதிவுக் கட்டணம்', 'விசா முன்பணம்' என்று கேட்டால் அது மோசடி, அவ்வளவுதான்.

இந்தியர்களுக்கு நேரான வழி ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970-இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்து, வரும் பணியிடங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு, 27-க்கு மேல் துறை அனுபவம் உள்ளவர்களுக்கான பிரிவு. பிரிட்டனில் 1958-இல் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்கிற தன்னார்வலர் அமைப்பு இன்னொன்று. அமெரிக்காவின் பீஸ் கோர் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். 1961 முதல் 1976 வரை அவர்கள் இந்தியாவுக்கே ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உங்கள் தாத்தா பாட்டியில் யாருக்காவது கிராமத்தில் கோழி வளர்க்கச் சொல்லிக் கொடுத்த வெள்ளைக்காரப் பையன் ஞாபகம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

விண்ணப்பத்தில் 'சேவை மனப்பான்மை' பற்றி ஒரு பக்கம் எழுதாதீர்கள். கிணறு, குழாய், கணக்குப் பதிவேடு, தடுப்பூசிக் குளிர்பெட்டி என்று எதைக் கையால் தொட்டு வேலை பார்த்தீர்களோ அதை எழுதுங்கள். அழைப்பு அதைப் பார்த்துத்தான் வரும்.

"காசு கட்டினா ரெண்டு வாரம் ஆப்பிரிக்கா கூட்டிட்டுப் போய் அநாதை ஆசிரமத்துல சேவை செய்ய விடுறாங்களே, அது நல்லதா?"

நல்லதல்ல. இப்படிப்பட்ட இல்லங்கள் பலவற்றில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டு விருந்தாளிகள் வருவதாலேயே இல்லம் நிரம்புகிறது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை புது ஆள் வந்து கொஞ்சிவிட்டுப் போவது அந்தக் குழந்தைக்கு நல்லதா என்று யோசித்தாலே போதும். சுற்றிப் பார்க்க ஆசையென்றால் சுற்றுலாப் பயணியாகவே போங்கள், மலாவி ஏரி அவ்வளவு அழகு.

"காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் ஒரு நாள் எப்படிப் போகும்?"

விடியும்போதே ஊர் எழுந்துவிடும். முற்றத்தைப் பெருக்கும் சத்தம்தான் அலாரம். மின்சாரம் இருந்தால் ஹீட்டரில் தண்ணீர், இல்லாவிட்டால் கரி அடுப்பு. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே ஆற்று அணைகளிலிருந்து வருகிறது. 2022 ஜனவரியில் அனா புயல் கபிச்சிரா அணையை உடைத்ததில் நாடு முழுக்க இருட்டு. அதனால் பவர் பேங்க், தலையில் மாட்டும் விளக்கு இரண்டும் கட்டாயம். பிளக் பாயின்ட் பிரிட்டன் மாதிரி சதுர முள், நம் ஊர் பின் நுழையாது.

ஏழரைக்கு அலுவலகம். போனதும் வேலையைப் பேசக் கூடாது. ஒவ்வொருவரிடமும் 'நல்லபடியா விடிஞ்சதா?' என்று விசாரித்து, அவர் திருப்பி விசாரித்து, அது முடிந்த பிறகுதான் மற்றது. அப்புறம் காத்திருப்பு. வண்டிக்கு டீசல் வர வேண்டும், டீசலுக்குக் கையெழுத்து வர வேண்டும், கையெழுத்துப் போடுபவர் மாவட்டக் கூட்டத்தில் இருப்பார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த தமிழருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த சக தன்னார்வலர்தான் தவித்துப்போவார்.

வண்டி கிளம்பினால் மண் ரோட்டில் கிராமம். கிளம்பாவிட்டால் கபாசா என்கிற சைக்கிள் அல்லது பைக் டாக்சி. கிராமத்தில் சாவு விழுந்திருந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. திரும்பி வரவும் கூடாது. பெண்ணென்றால் இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு பெண்களோடு தரையில் உட்கார வேண்டும், ஆண்கள் வெளியே மரத்தடியில். ஒரு துக்க வீட்டில் அரை நாள் உட்கார்ந்தால் கிடைக்கும் மரியாதை, பத்துக் கூட்டம் போட்டாலும் கிடைக்காது. ஆறு மணிக்கு இருட்டிவிடும், எட்டரைக்குக் கொசுவலைக்குள்.

"நீங்க அங்க என்ன வேலைதான் பாத்தீங்க? போர் போட்டீங்களா?"

போர் போட ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். போட்ட போர் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் தலைவலி. மலாவிக் கிராமங்களில் பெரும்பாலும் அஃப்ரிடெவ் என்கிற அடிபம்பு. அது உருவானதில் மலாவிக்கே பங்கு உண்டு. 1980-களின் தொடக்கத்தில் இங்கே செய்த மால்டெவ் பம்புதான் அதற்கு முன்னோடி. 45 மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்கும். ஒரே ஒரு ஸ்பானர் போதும், ஊர்க்காரர்களே பிரித்து மாட்டலாம் என்று திட்டமிட்டுச் செய்தது.

பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் அருமை தெரியும். மேல் மூடியைக் கழற்றி, கைப்பிடியை எடுத்து, கம்பியை இழுப்பார்கள். கம்பிகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டியவை. ஒரு நீளம் மேலே வந்ததும் சாய்த்தால் கொக்கி கழன்றுவிடும். அடுத்தது, அடுத்தது. கடைசியில், தண்ணீரை மேலே தூக்கும் பிளஞ்சர் தலை நீட்டும், அதன் இடுப்பில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அதன் பெயர் யு-சீல். உதடு தேய்ந்து மழுங்கியிருக்கும். பாட்டிகளும் சிறுமிகளும் நூறு தடவை அடித்தும் தண்ணீர் வராமல் போனதற்குக் காரணம், உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்த ரப்பர். குழாயை நிலத்திலிருந்து உருவவே வேண்டியதில்லை.

என் வேலை பம்பைச் சரிசெய்வதுகூட இல்லை. எந்தெந்தப் பம்பு ஓடுகிறது, எது நின்றிருக்கிறது, ஏன் நின்றிருக்கிறது என்கிற பட்டியலைச் சரிபார்த்து, களப் பணியாளர்களும் ஊர்த் தண்ணீர்க் கமிட்டிகளும் பயன்படுத்தும்படி ஒழுங்கு செய்வது. சுருக்கமாகச் சொன்னால் ரிஜிஸ்டர் வேலை.

"ஒரு ரப்பருக்காகவா பம்பு நிக்குது? வாங்கி மாட்ட வேண்டியதுதானே?"

இந்தக் கேள்வி நம் ஊர் பொறியாளர்கள் எல்லோரும் கேட்பது. ரப்பர் விலை பெரிதில்லை. அது தேயும் நேரத்துக்குக் கமிட்டியின் கையில் காசு இருக்காது. மலாவியில் மழை நவம்பர் முதல் ஏப்ரல் வரை, வருடத்துக்கு ஒரு மக்காச்சோள விளைச்சல். அறுவடை முடிந்த ஏப்ரல், மே, ஜூனில் வீட்டில் கொஞ்சம் காசு புழங்கும். ஜனவரி, பிப்ரவரியில் பழைய சோளம் தீர்ந்து, புதியது பச்சையாக நிற்கும். அந்த மாதங்களில் பம்புச் சந்தா கேட்டுப் போனால் யாரும் தர முடியாது, கேட்பதும் பாவம். மாதச் சந்தா என்று நகரத்து ஆள் போட்ட திட்டம் இங்கேதான் கவிழ்கிறது.

நான் பார்த்ததில் நன்றாக ஓடிய ஒரு கமிட்டி, சந்தாவை அறுவடை சமயத்தில் மக்காச்சோளமாகவே வாங்கியது. வீட்டுக்கு ஒரு வாளி. அதைச் சேர்த்து வைத்து, விலை ஏறியபோது விற்று, யு-சீலும், அதே மாதிரி தேய்கிற இன்னொரு பாகமான புஷ்ஷும் முன்கூட்டியே வாங்கித் தகர டப்பாவில் போட்டுப் பொருளாளர் வீட்டில் வைத்திருந்தார்கள். பொருளாளர் ஒரு பெண்மணி, சாவியை இடுப்பில் முடிந்திருப்பார். யாரும் சொல்லிக் கொடுத்தது அல்ல, அவர்களே கண்டுபிடித்தது. அதைக் குறித்துக்கொண்டு போய் மற்றக் கமிட்டிகளிடம் 'அந்த ஊரில் இப்படிச் செய்கிறார்கள், போய்ப் பாருங்கள்' என்று சொன்னதுதான் என் பங்கு.

"நம்ம ஊர் டெக்னாலஜி அங்க எடுபடுமா?"

எடுபடும், பார்த்துச் செய்தால். 1970-களில் யுனிசெஃப் உதவியோடு உருவான இந்தியா மார்க்-2 அடிபம்பு சென்னையில் தயாரானது, உலகமெல்லாம் போனது. இரும்பு மாதிரி உழைக்கும். ஆனால் உள்ளே ரப்பர் தேய்ந்தால் மொத்தக் குழாயையும் உருவ வேண்டும். அதற்கு வண்டி, கருவிகள், நாலைந்து ஆள் வேண்டும். 1980-களில் கோயம்புத்தூர் வட்டாரக் கிராமங்களில் வருடக்கணக்கில் சோதித்துப் பார்த்துத்தான், குழாயை உருவாமலே பிளஞ்சரை எடுக்கும்படி மார்க்-3 வந்தது. அஃப்ரிடெவும் மார்க்-3-யும் ஒரே பாடத்தை இரண்டு இடத்தில் படித்தவை. இதை அங்கே உள்ள மெக்கானிக்குகளிடம் சொன்னால் ரசித்துக் கேட்பார்கள். 'எங்கள் ஊர் பம்பு ஒசத்தி' என்று ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள்.

"சோறு கிடைக்குமா? நான் வெஜிடேரியன் வேற"

கிடைக்கும். கரோங்காப் பக்கம் விளையும் கிலோம்பெரோ அரிசி வாசனையாக, நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கே சாப்பாடு என்றால் 'சீமா', வெள்ளை மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்கிற கட்டிக் களி. கையைக் கழுவிவிட்டு, வலது கையால் பிய்த்து உருட்டி, தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்தவருக்கு இரண்டு நாளில் பழகிவிடும். தொட்டுக்கொள்ள பூசணி இலையை நிலக்கடலை மாவு போட்டு வேகவைப்பார்கள். சைவத்துக்கு அதைவிட ருசியான பதார்த்தம் எனக்கு அங்கே அகப்படவில்லை.

துவரை தாராளம். நந்தோலோ என்று விற்பார்கள், முழுத் துவரை. மலாவித் துவரையை வருடத்துக்கு 50,000 டன் வாங்க இந்தியா 2021-இல் ஒப்பந்தமே போட்டது. ஆகவே நீங்கள் ஊரில் சாப்பிட்ட சாம்பாரில் மலாவி ஏற்கெனவே இருந்திருக்கலாம். புளியும் பெருங்காயமும் மட்டும் கையோடு கொண்டு போங்கள். லிலோங்வேயின் பழைய டவுனில் குஜராத்திக் கடைகளில் மசாலா கிடைக்கும். உருளைக்கிழங்குக்கு லிசுலு சந்தை.

முதல் மழைக்கு ஈசல் பிடித்து வறுப்பார்கள், நம் கிராமங்களில் செய்கிற மாதிரியே. எம்-1 சாலையோரம் குச்சியில் கோத்த எலியை நீட்டிக்கொண்டு பையன்கள் நிற்பார்கள், என்ட்செயுவில் அது பிரசித்தம். முகம் சுளிக்காமல் 'வேண்டாம்' என்றால் போதும்.

"இங்கிலீஷ் தெரிஞ்சா போதுமா?"

அலுவலகத்துக்குப் போதும், ஆங்கிலம் ஆட்சிமொழி. கிராமத்துக்குச் சிச்சேவா வேண்டும். முதல் மூன்று மாதத்தை அதில் போடுங்கள். வணக்கம் சொல்லி நலம் விசாரிக்கவும், எண்களைச் சொல்லவும், பம்பு உதிரிப் பாகங்களின் பெயர்களைச் சொல்லவும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மேலே துக்க வீட்டைப் பற்றிச் சொன்னேனே, அங்கே மொழி தெரியாமல் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளரையே நம்பி உட்கார்ந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

"மலேரியா, மஞ்சள் காய்ச்சல்னு பயமா இருக்கே?"

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், 2016 முதல் விதி அதுதான். ஊசி போட்ட பத்து நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஆகவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். விமானம் மாறும் நாட்டுக்கும் சேர்த்து விதி என்ன என்று பாருங்கள்.

மலேரியாதான் உண்மையான ஆபத்து. 'எங்க ஊர்லயும் கொசு இருக்கு, ஒண்ணும் ஆகாது' என்கிற இந்திய அலட்சியம் வேண்டாம். ஆப்பிரிக்காவில் பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, ஒழுங்காகக் கவனிக்காவிட்டால் ஆளைக் கொல்லும். டாக்டர் தரும் தடுப்பு மாத்திரையை விடாமல் போடுங்கள், வலைக்குள் தூங்குங்கள், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சோதியுங்கள். ஊர் திரும்பிய பிறகு சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தாலும் 'ஆப்பிரிக்காவில் இருந்தேன்' என்று முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் டெங்கு என்று தேடிக்கொண்டிருப்பார். ஏரியில் குளித்தால் நத்தையால் பரவும் பில்ஹார்சியா வரலாம். அதற்கு மாத்திரை உண்டு, எப்போது போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"பொண்ணு தனியா போறதுக்கு நம்பி அனுப்பலாமா?" (அம்மாக்கள் கேட்பது)

அனுப்பலாம், நானும் தனியாகத்தான் இருந்தேன். கிராமத்தில் இடுப்புத் துணி அவசியம். நாட்டின் முதல் ஜனாதிபதி பாண்டாவின் ஆட்சியில், அதாவது 1994 வரைக்கும், பெண்கள் பேன்ட் போடவே சட்டத்தில் தடை இருந்த நாடு. இப்போது சட்டம் இல்லை, ஆனால் பெரியவர்களின் கண் பழையதுதான். சிடென்ஜே என்கிற துணியைப் பேன்ட்டுக்கு மேலே சுற்றிக்கொண்டால் பைக்கிலும் ஏறலாம், தரையிலும் உட்காரலாம். இருட்டிய பிறகு நடக்காதீர்கள், நகரத்தில் கைப்பை ஜாக்கிரதை. 'கல்யாணம் ஆகலையா, குழந்தை இல்லையா' என்று தினம் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல உங்கள் பெண்ணுக்கு ஏற்கெனவே நல்ல பயிற்சி இருக்கும்.

"இந்தியர்னா அங்க எப்படிப் பாக்குறாங்க?"

முதலில் கடைக்காரராக. மலாவியில் பல தலைமுறைகளாகக் குஜராத்தி வியாபாரக் குடும்பங்கள் இருக்கின்றன. இந்திய முகத்தைப் பார்த்தால் 'அம்வென்யே', அதாவது இந்தியர், என்று கூப்பிடுவார்கள், கூடவே 'என்ன விலை?' என்றும் கேட்பார்கள். கடையில் வேலை பார்த்துக் கசப்பான அனுபவம் உள்ளவர் முதலில் உங்களிடம் இறுக்கமாகத்தான் இருப்பார். கோபப்பட வேண்டியதில்லை. 2018-இல் பிளான்டயரில் காந்தி சிலை வைக்க எதிர்ப்புக் கிளம்பி, நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்தில் காந்தி கறுப்பர்களைப் பற்றி எழுதியவற்றை எடுத்துக் காட்டிக் கேட்பார்கள். அதைப் படித்துவிட்டுப் போங்கள், மழுப்பாதீர்கள். நம் வீடுகளில் கறுப்பு நிறத்தைப் பற்றிப் பேசும் பேச்சும் அவர்களுக்குத் தெரிந்தேதான் இருக்கிறது.

"மீட்டிங்குக்கு வர்றதுக்கே காசு கேப்பாங்களாமே? அது லஞ்சம் இல்லையா?"

பயணப்படி, சாப்பாட்டுப்படி என்று கேட்பார்கள், பயிற்சிக்கு வரும் அரசு ஊழியர் முதல் கமிட்டி உறுப்பினர் வரை. தன்னார்வலர்கள் கூடினால் அரை மணி நேரம் புலம்புவது இதைப் பற்றித்தான். எனக்கும் முதலில் எரிச்சல்தான். ஆனால் களப் பணியாளரின் சம்பளம் என்னவென்று தெரிந்தால், மதிப்பிறக்கம் பற்றி முதல் பதிலில் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் படி அவர் வீட்டுக்கு என்னவென்று புரியும். இந்தப் பழக்கத்தை உண்டாக்கியதே நிதி தரும் அமைப்புகள்தான், ஒன்றையொன்று முந்திப் படியைக் கூட்டி.

இருந்தாலும் இதனால் கெடுதல் உண்டு. பயிற்சி தேவைப்படுகிறவர் வராமல், படிக்காக மூத்தவர் வருவார். நான் கண்ட நடைமுறை வழி: கூட்டத்தை ஹோட்டலில் வைக்காமல் பம்படியிலேயே வைப்பது. நடந்து வருபவருக்குப் பயணப்படி எழாது, பம்பைத் தொடுகிறவர் மட்டும்தான் வருவார்.

"நீங்க போறதால அந்த ஊர்க்காரர் ஒருத்தர் வேலை போகலையா?"

நியாயமான கேள்வி. மலாவியில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்கள் நிறைய. உள்ளூர் ஆள் செய்யக்கூடிய வேலைக்கு உங்களைக் கூப்பிட்டிருந்தால் போகாதீர்கள். நேர்முகத்தில் 'என்னோடு வேலை பார்க்கும் அரசு ஊழியர் யார், அவர் பதவி என்ன, நான் போன பிறகு இதை யார் பார்ப்பார்?' என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் அந்தப் பணியிடம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம்.

ரிஜிஸ்டர் வேலை என்று சொன்னேனே, அதை என் மடிக்கணினியில் அழகாகப் போட்டிருக்கலாம். என்னோடு இருந்த கண்காணிப்பு உதவியாளர் கைபேசியும் நோட்டும்தான் வைத்திருந்தார். அதனால் நோட்டிலேயே போட்டோம், அவர் கையெழுத்தில். மெதுவாகத்தான் நடந்தது. மேலதிகாரிக்கு வண்ண வண்ணப் படம் காட்ட முடியவில்லை, அறிக்கையில் அது குறையாகவும் எழுதப்பட்டது.

"திரும்பி வந்தா வேலை கிடைக்குமா? இடைவெளின்னு சொல்ல மாட்டாங்களா?"

தனியார் கம்பெனி சில சொல்லும். ஐ.நா. அமைப்புகள், பெரிய தொண்டு நிறுவனங்கள், குடிநீர்த் திட்ட ஆலோசனை நிறுவனங்கள் இதை அனுபவமாகவே எடுத்துக்கொள்கின்றன. அரசு வேலையில் இருப்பவர் விடுப்பு விதிகளை எழுத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும், வாய்வார்த்தை போதாது. தனியாரில் இருப்பவர் வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன் மாவட்ட அலுவலகத்திலிருந்து பணிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், அனுப்பிய அமைப்பின் சான்றிதழ் தனி. செய்த வேலையை வரிவரியாக நீங்களே எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அதிகாரிகள் அடிக்கடி மாற்றலாகிப் போவார்கள். ஊருக்கு வந்து மின்னஞ்சலில் கேட்டால், உங்களை யாரென்றே தெரியாத ஒருவர் அந்த நாற்காலியில் இருப்பார்.